செம்பியனின் பழைய கை

குடித்தால் கை நன்றாகப் பேசும் என்று சொல்லாத தபேலாக்காரனை இந்த முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பாடுகிறவர்கள் தொண்டை திறக்கும் என்பார்கள். டிரம்ஸ் அடிக்கிறவர்கள் பயம் விட்டுப்போகும் என்பார்கள். நான் குடிப்பதில்லை, அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சு சபையேறாது. "நீ ஊத்திப் பாத்துக்கிறியா பாய்? அப்புறம் இன்னாத்துக்கு பேசுற?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவான் செம்பியன். ஆனால் காது எனக்கும் இருக்கிறது. அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

என் பெயர் கரீமுல்லா. சைதாப்பேட்டை பஜாரில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. சாயங்காலம் ஆனால் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு மிக்ஸர் பார்க்கிறேன். கல்யாண வரவேற்பில் மேடைக்கு எதிரே, பந்திக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு ஒருத்தன் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பானே, எல்லோரும் முறைத்துக்கொண்டே தாண்டிப் போவார்களே, அது நான்தான். மேடையில் இருக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என் மேஜையில் ஒரு ஃபேடர் உண்டு. விரலால் மேலே தள்ளினால் அந்த வாத்தியம் ஊருக்கே கேட்கும், கீழே இழுத்தால் வாசிக்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். என் வித்தை அவ்வளவுதான். அந்த வித்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மனுஷனை என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

செம்பியனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. நூற்றுக்கணக்கான கல்யாண ஆல்பங்களில் பாடகியின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிகிற ஆள் அவன். அவனுடைய அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் டீ வாங்கிக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். அப்பாவோடு போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே வாசிக்கிறவர்களின் விரல்களை மட்டும் பார்த்துப் பார்த்து, வீட்டில் தண்ணீர்க் குடத்தில் தட்டிப் பழகினான். கண்ணாடி வழியாகச் சத்தம் வராது. சத்தம் எப்படி இருக்கும் என்று அவனாகவே யோசித்துக்கொண்டான். அதனால்தானோ என்னவோ, அவன் தபேலா வேறு யார் மாதிரியும் இருக்காது. இடது கையில் ஒரு முனகல் வரும். அதைக் கேட்டால் ஃபேடரில் இருக்கிற என் விரல் வேலையை மறந்துவிடும். மூன்று பிள்ளை பெற்று, கடன் அடைத்து, காது மயிர் நரைத்த எனக்கே அப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் வீடு அடையாற்றுக் கரையில், என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. 2015-இல் வெள்ளம் வந்து போனபிறகு கரையோரத்து வீடுகளை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். அவனுக்கு ஏழாவது மாடி. அங்கிருந்து சாயங்காலம் கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று, நிகழ்ச்சி உள்ள நாளில் காலையிலேயே பஸ் ஏறி சைதாப்பேட்டைக்கு வந்துவிடுவான். வந்தவனுக்குச் சாயங்காலம்வரை போக இடம் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு ஒயின்ஷாப் திறக்கும். இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஏழாவது மாடியில் குடிக்காதவனும் இருக்கிறான். ஆனால் வேலை முடிந்து ஊற்றிக்கொண்டிருந்தவன், வேலைக்கு முன்னாலேயே ஊற்ற ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014 ஜூலை. எங்கள் குழுவை நடத்துகிற ஸ்ரீனிவாசராகவன் சாருக்கு ஒரு யோசனை வந்தது. மயிலாப்பூர்க்காரர். நல்ல குரல், அதைவிட நல்ல கணக்கு. வயலின், புல்லாங்குழல் என்று இத்தனை பேரை வைத்து இனிக் கட்டுப்படியாகாது, அடிக்கடி பாடுகிற நூற்றிருபது பாட்டுக்கும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டால் பாதி ஆட்களோடு ஒப்பேற்றிவிடலாம் என்றார். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பன்னிரண்டு நாள் பதிவு செய்தோம். அது ரமலான் மாதம். நான் நோன்பு.

முதல் நாளே செம்பியன் சொல்லிவிட்டான். "நீ பச்சத்தண்ணி குடிக்காம குந்திக்கினு கீற. நான் ராத்திரி ஊத்திக்கினு காலைல வந்து உன் மூஞ்சில ஊதிக்கினு இருந்தா நல்லாவா கீது? இந்த பன்னெண்டு நாளு நானும் நோன்புதான் பாய்."

சோறு மட்டும் மூன்று வேளையும் தின்றான், அது வேறு விஷயம். ஆனால் பன்னிரண்டு நாளும் பாட்டிலைத் தொடவில்லை. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் என் பக்கத்தில் சம்மணம் போட்டு நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அந்த நாட்களில் அவன் வாசித்த தபேலா இருக்கிறதே, அதைப் போல அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நூற்றிருபது பாட்டும் என் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. அதுதான் வினையாகிப் போனது.

2017-இல் தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டாவது பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடையிசை முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில் செம்பியன் அரைத் தாளம் பின்னால் வந்தான். வந்தவன் அதைச் சரிக்கட்ட ஓடினான். குடித்தவன் வாசிப்பு அப்படித்தான் இருக்கும், முதலில் தூங்கும், பிறகு ஓடும், எப்போதும் தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கும். அவனுக்கு மட்டும் அது அமர்க்களமாகக் கேட்கும். ஸ்ரீனிவாசராகவன் சார் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் என் மேஜைக்கு இறங்கி வந்தார்.

"கரீம், அவன் நன்னா போட்டுண்டு வந்துட்டான். மாப்பிள்ளையாத்துக்காரா எதிர்ல மானம் போறது. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாத்துண்டுடறேன்."

வேற ஆள் என்று அவர் சொன்னால் வேற ஆள்தான். அவர் வாயில் சும்மா வார்த்தை வராது. ஜோதிலட்சுமி, அவன் பெண்டாட்டி, அப்போதுதான் பெரும்பாக்கத்தில் பக்கத்துப் பள்ளியில் ஆயா வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். பெண் தமிழ்நிலா ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தது. நான் யோசித்ததெல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது. லேப்டாப்பில் அடுத்த பாட்டுக்கு நோன்பு மாதத்தில் அவன் வாசித்த தபேலா தனியாக இருந்தது. எல்லோரும் லேப்டாப்பின் டிக் டிக்கைக் காதில் கேட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள், வேகம் ஒன்றேதான். மேடையில் இருந்த செம்பியனின் ஃபேடரை இறக்கினேன், பழைய செம்பியனின் ஃபேடரை ஏற்றினேன். அவன் எதிரே இருந்த சின்ன ஸ்பீக்கரில், தான் வாசிப்பது தனக்குக் கேட்பதற்காக வைத்திருப்பதில், அதிலும் பழையதையே விட்டேன். சார் மேடையில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி, முகத்துல தண்ணி அடிச்சுண்டு வந்துட்டான்போல" என்று நினைத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதையாக, அந்த ஒரு நாள் வேலையைக் காப்பாற்ற நான் செய்தது எட்டு வருஷம் ஓடியது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி முழுவதையும் நான் பதிவு செய்வேன். கேட்கிறவர்களுக்கு மறுநாள் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். செம்பியன் ஒன்று விடாமல் கேட்பான். பெரும்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, காதில் மாட்டிக்கொண்டு, தன் வாசிப்பைத் தானே கேட்டுக்கொண்டு போவான்.

"பாய், நேத்து மூணாவது பாட்டுல ஒரு உருட்டு உருட்டினேன் பாரு. கேட்டியா? மூணு கட்டிங் உள்ள போனதுக்கு அப்புறம் வாசிச்சது அது. அத்த குடிக்காம எவனாவது வாசிச்சிட்டா நான் மொட்ட போட்டுக்கிறேன்."

அதைக் குடிக்காமல் வாசித்தவன் அவன்தான். நான் சால்டரிங் இரும்பைப் பார்த்துக்கொண்டு "நல்லாருந்துச்சு" என்பேன்.

நடுவில் விக்கி கதை ஒன்று உண்டு. விக்கி எங்கள் கிட்டார்காரன், சின்னப் பையன், நல்ல பையன். கொஞ்ச நாள் கஞ்சா அடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். அடித்தால் சுரம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது என்பான். அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் அரை நிமிஷம் வாசிக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாலு நிமிஷம் வாசித்தான். பாடகி மேடையிலேயே தண்ணீர் குடித்து, புடவையைச் சரிசெய்து, போனைக்கூடப் பார்த்துவிட்டாள். மறுநாள் என் கடையில் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டவன் பாதியில் நிறுத்திவிட்டு, "என்ன பாய் இது, தெருப்பைப்புல தண்ணி வராம காத்து வர்ற மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான், அதோடு விட்டுவிட்டான். இப்போது கச்சேரிக்கு முன்னால் வாழைப்பழம் தின்கிறான்.

விக்கிக்கு அவன் உண்மை வாசிப்பைக் கேட்கிற பாக்கியம் கிடைத்தது. செம்பியனுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. இது அப்போதே எனக்கு உறைத்தது. உறைத்து என்ன? நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி, "இன்னைக்கு ஒரு நாள், அடுத்த தடவை அவனிடம் சொல்லிவிடலாம்" என்று தள்ளிக்கொண்டே போனேன். அவன் காலில் வீக்கம் வந்தது, கண் மஞ்சளானது, சட்டை தொளதொளவென்று ஆகி வயிறு மட்டும் முன்னால் வந்தது. பதிவில் மட்டும் அவனுக்கு வயசே ஆகவில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் ஜோதிலட்சுமி என் கடைக்கு வந்தாள். தனியாக வந்தாள், உட்காரவில்லை.

"பாய்ணா, டாக்டர் ஈரல் கெட்டுப்போச்சுன்றாரு. இதோட நிறுத்தினா பொழைக்கலாம், இல்லாங்காட்டி ரெண்டு வருஷம்கூட தாங்காதுன்றாரு. இவுரு இன்னாடான்னா, குடிக்காம குந்தினா கை ஓடாது, கை ஓடாத நான் உசுரோட இருந்து இன்னா பண்ணப்போறேன்னு கேக்குறாரு. போன்ல பாட்டு போட்டுக் காட்டறாரு. கேளுடி, இது கெட்டுப்போனவன் வாசிப்பான்னு. கேட்டா நல்லாத்தான் கீது. எனக்கு இன்னா தெரியும்? நீங்க தொழில் தெரிஞ்சவரு. சொல்லுங்க. குடிச்சாத்தான் அவருக்கு வாசிப்பு வருதா?"

சால்டரிங் இரும்பை அணைத்தேன். இத்தனை வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஆள் குடிப்பதற்கு வாராவாரம் அத்தாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"இல்லம்மா. குடிச்சா வராது. நான் அவன்கிட்ட பேசறேன்" என்றேன்.

"பேசினா கேக்க மாட்டாரு பாய்ணா."

"கேக்க வெக்கிறேன்."

அந்த வாரம் அடையாறில் ஓய்வுபெற்ற ஊழியர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டுவிழா. வழக்கம்போல ஊருக்குப் பழைய தபேலாவை விட்டேன். ஆனால் செம்பியனின் மைக்கை மட்டும் தனியாகப் பதிவு செய்தேன். மறுநாள் பதினோரு மணிக்குக் கடைக்கு வரச் சொன்னேன். பன்னிரண்டுக்கு முன்னால் பேச வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம்.

டீ வாங்கி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பதிவைப் போட்டேன். கேட்க ஆரம்பித்தவன் கொஞ்ச நேரத்தில் சிரித்தான்.

"எவன் பாய் இவன்? எந்த ட்ரூப்பு? இடது கை இழுத்துக்கினு போவுது, வலது கை தொரத்திக்கினு போவுது. இவன வெச்சிக்கினு பாடுறவன் பாவம்."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தபேலா மைக்கில் தூரத்தில் ஸ்ரீனிவாசராகவன் சாரின் குரல் லேசாகக் கேட்டது. செம்பியனின் சிரிப்பு குறைந்தது. பாட்டு முடிந்து, சார் சங்கத் தலைவருக்கு நன்றி சொல்கிற நேரத்தில், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் ஒருத்தன் இருமினான். நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல். அந்த இருமலைச் செம்பியனுக்குத் தெரியாதா?

கிளாஸைக் கீழே வைத்தான். "இது நேத்தா?"

"நேத்துதான்."

"அப்போ பென்டிரைவுல குடுப்பியே?"

எல்லாவற்றையும் சொன்னேன். தி. நகர் வரவேற்பிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். நோன்பு மாதத்துப் பதிவையும் போட்டுக் காட்டினேன். "ரெண்டும் நீதான்டா. இது குடிக்காத கை. இதுக்கு மேல உனக்கு இன்னா அத்தாட்சி வேணும்?" என்றேன். எனக்கே என் பேச்சு நன்றாக இருந்தது. இப்போது பாட்டிலின் மேல் அவனுக்குக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அவன் என்னைத்தான் பார்த்தான்.

"அப்போ இத்தினி வருஷமா நான் வாசிக்கவே இல்லியா பாய்?"

"அப்படி இல்லடா..."

"மேடைல குந்த வெச்சி பொம்ம காட்டிக்கினு இருந்துக்கிற. மொத நாளே போடா நாயேன்னு சொல்லியிருந்தா ரோஷம் வந்திருக்கும்ல? விக்கிக்கு மட்டும் போட்டுக் காட்டின. எனக்கு இன்னாத்துக்கு காட்டல? நான் தாங்க மாட்டேன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். அவன் எழுந்து போனான். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஒயின்ஷாப் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். சாயங்காலம் ஜோதிலட்சுமி போன் செய்தாள். "இன்னைக்கு தொடல பாய்ணா. நீங்க இன்னா சொன்னீங்களோ, நல்லாருப்பீங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாளாம். இத்தனை வருஷம் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தூக்கிப் போடும், சேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்த மாத்திரையையாவது விடாமல் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கை நடுக்கம் நிற்க மூன்று வாரம்கூட ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவன் மாத்திரை தூக்கம் வரவைக்கும், கையைத் தளர்த்திவிடும், நிகழ்ச்சி முடிந்து போட்டுக்கொள்கிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டான். நாலாம் நாள் மயிலாப்பூரில் வரவேற்பு இருந்தது. அதை விட்டுவிடு என்று நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். "எட்டு வருஷம் லீவு எடுத்தாச்சு, போதும்" என்றானாம்.

மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் முழுக்கத் தகரம் அடித்துத் தெருவையே சந்தாக்கியிருந்தார்கள். ஸ்பீக்கர் வண்டி சுற்றிச் சுற்றி மண்டபத்துக்கு வந்து சேர நாலு மணி ஆனது. செம்பியன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். டீ கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தும் பாதி மடியில் கொட்டியது.

"குளுருது" என்றான். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாம்டா செம்பி."

"பாய், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கு என் கைய மட்டும் வெளிய வுடு. நல்லாருந்தாலும் நான், நாறிப்போனாலும் நான். அந்த லேப்டாப்ல கீறவன தொடக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பண்ணினேன்.

அன்றைக்கு ஜோதிலட்சுமியும் தமிழ்நிலாவும் வந்திருந்தார்கள். செம்பியன்தான் வரச் சொல்லியிருக்கிறான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் மேடையில் வாசித்து ஜோதி பார்த்ததே இல்லை. மண்டபத்தில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், அழையா விருந்தாளிகள் உட்காருகிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நிலா காலேஜ் சேரப் போகிற பெண். அப்பா பக்கம் போனைத் தூக்கி வீடியோ எடுத்தது.

முதல் பாட்டு ஒப்பேறியது. இரண்டாவது பாட்டு வேகமானது, அதில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு இடத்தில் அந்த இடது கை முனகல்கூட வந்தது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் நேராக அவன் கையிலிருந்து வந்த முனகல். யா அல்லாஹ், இவன் கரையேறிவிடுவான் என்று நினைத்தேன்.

மூன்றாவது நிதானமான பாட்டு. அதில் மறைய இடமில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் விரல் சும்மா காத்திருக்க வேண்டும். அவன் விரல் காத்திருக்க மறுத்தது. ஒரு தட்டு விழ வேண்டிய இடத்தில் மூன்று விழுந்தது. அதைச் சமாளிக்கப் போய் அடுத்ததை விட்டான். பாடகி திரும்பிப் பார்த்தாள். சார் தொடையில் பலமாகத் தாளம் தட்டி அவனுக்குக் காட்டினார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் நெற்றி வேர்வை தபேலா மேல் சொட்டியது, துடைக்க முடியவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தமிழ்நிலா போனைக் கீழே இறக்கிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் குழந்தை படியில் நிற்பதைப் பார்க்கிறவள் மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார். என்னால் மூன்று நிமிஷம் பொறுக்க முடியவில்லை. ஒரு விரல்தான். ஒன்றை இறக்கினேன், ஒன்றை ஏற்றினேன்.

மண்டபம் நிறையத் தபேலா பேசியது. பாடகியின் முகம் தெளிந்தது, சார் தொடையிலிருந்து கையை எடுத்தார். செம்பியனுக்கு எதிரே இருந்த சின்ன ஸ்பீக்கரிலும் அதுதான் போயிற்று. அவன் ஒரு தட்டிலேயே கண்டுகொண்டான். இரண்டு கையையும் தபேலாவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தபேலா நிற்கவில்லை. மேடையின் முன்னால் வரிசையாகப் பூத்தொட்டி வைத்திருந்ததால் கீழே இருந்தவர்களுக்கு அவன் நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தது. என் மேஜைக்கு நேரே தொட்டி இல்லாததால் எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. என்னை அவன் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து அந்த ஸ்பீக்கரையே கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல இடம் வந்தபோது தலையை ஆட்டினான்.

பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்தியபிறகும் பின்வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் நிற்காமல் கேட்டது. அது ஜோதிலட்சுமி.

மீதிப் பாட்டுக்கெல்லாம் அவன் கையைத் தபேலா மேல் சும்மா வைத்திருந்தான். எல்லாம் முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் மகளை இழுத்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பாத்தியா? பாத்தியாய்யா? குடிக்காமயே எப்பிடி வாசிச்ச! மொதல்ல கொஞ்சம் தடுமாறிச்சு, அப்புறம் அப்பிடியே எழுந்துக்கிச்சு பாரு! இனிமே குடிச்சாத்தான் வரும்னு என்கிட்ட சொன்ன, கொன்னுடுவேன். நீங்களே சொல்லுங்க பாய்ணா, எப்பிடி வாசிச்சாரு?"

அவளும் செம்பியனும் என்னைப் பார்த்தார்கள். நான் "நல்லா வாசிச்சான்" என்றேன். என் நாக்கு அதற்கு மட்டும்தான் பழகியிருந்தது.

செம்பியன் அவளிடம் சாந்தமாகத்தான் பேசினான். "புள்ளய கூட்டிக்கினு பஸ்ஸ புடி. சாமான் ஏத்திட்டு வரேன்" என்றான். அவர்கள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து என் மிக்ஸர் மேல் வைத்தான்.

"குடிச்சாலும் அவன்தான் வாசிக்கிறான், குடிக்காட்டியும் அவன்தான் வாசிக்கிறான். அப்புறம் நான் இன்னா பண்ணா இன்னா பாய்?"

"செம்பி, மூணு வாரம் பொறுடா. கை நின்னுடும்டா."

"நீ பொறுத்தியா?"

தகரத் தடுப்பு ஓரமாக நடந்து போனான். நான் பின்னால் ஓடியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. ஜோதிலட்சுமி இப்போதும் போன் செய்கிறாள். குடிக்காமல் அவ்வளவு நன்றாக வாசித்த மனுஷன் ஏன் மறுபடி குடிக்கிறார் என்று கேட்கிறாள். அன்றைக்கு வாசித்தது யார் என்று சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே சந்தோஷமும் போய்விடும். சொல்லாததால் அவள் அவனோடு தினமும் அதைச் சொல்லியே சண்டை போடுகிறாள். ஸ்ரீனிவாசராகவன் சாரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர், "எனக்குத் தெரியும்ப்பா. ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். முகத்துல தண்ணி அடிச்சுண்டு வந்தான்னு நெனச்சதாச் சொன்னதெல்லாம் சும்மா. மேடையில ஆள் இருந்தா போறும்னு விட்டுட்டேன்" என்றார்.

செம்பியன் வேலைக்கு ஒழுங்காக வருகிறான். மதியமே போட்டுக்கொண்டு வந்து, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, தபேலா முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். கால் வீக்கத்தில் சம்மணம் போட முடியவில்லை, முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்கிறான். நான் ஃபேடரை ஏற்றுகிறேன். என்னிடம் கோபமாகவும் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறான், கேலிகூடப் பேசுகிறான். பென்டிரைவ் மட்டும் கேட்பதில்லை.